நீலக்கோடு இறங்கிய தெரு

காலை பத்தேகால். துப்பறியும் அலுவலகத்தின் கதவைத் தட்டியவர், தட்டிய சத்தத்துக்காக மன்னிப்பும் கேட்டார்.

"கொலைகாரனா இருக்க வாய்ப்பே இல்லை," என்றாள் நாத்தனார், நாற்காலியை விட்டு எழாமலே. "உள்ள வாங்க சார். கதவு ஒண்ணும் கோவிச்சுக்காது."

வந்தவர் மெலிந்த மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும். தாள்கள் பிதுங்கிய கோப்பு ஒன்றைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து அளவு டேப் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவள்தான் அண்ணி. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நனைந்த குடோன்களையும் போய்ப் பார்த்து, எது விபத்து, எது கைவேலை என்று பிரித்துச் சொன்னவள். வேலையை விட்ட மறுமாதமே இந்த அலுவலகத்தைத் திறந்தாள். உதவிக்கு இந்த நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, வந்து சேர்ந்தாள். அதற்கு முன் அவள் நடத்தியது டிரைவிங் ஸ்கூல். அவளிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இன்றும் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவள் "அண்ணி, அண்ணி" என்று போட்ட கூப்பாட்டில் ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எழுபது வயது வக்கீல்கூட அண்ணி என்றுதான் சொல்வார்.

"நான் நகராட்சி இன்ஜினியர்," என்றார் வந்தவர். "இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நகராட்சிக் கூட்டத்துல என்னைப் பொய்யன்னு சொல்லப் போறாங்க."

"நேரம் குறிச்சா? மரியாதை தெரிஞ்ச ஆளுங்கதான்," என்றாள் நாத்தனார்.

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குள் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் நின்று வடிந்தது. வடிந்த மறுநாள் இன்ஜினியர் ஒரு டப்பா நீலப் பெயிண்டோடு கிளம்பி, நாற்பது இடங்களில் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறையைப் பார்த்து அதன் மேலேயே கோடு இழுத்தார். தரையிலிருந்து கோடு எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதினார். பிறகு மாற்றலில் வேறு ஊருக்குப் போய், போன வருடம்தான் திரும்பி வந்தார். இன்னொரு வெள்ளம் வந்தால் ஊரை எப்படிக் காப்பாற்றுவது என்ற மதிப்பீட்டு அறிக்கையை அவரிடம் கொடுத்தார்கள். அந்த நாற்பது அளவுகளை வைத்துத்தான் அதை எழுதினார்.

"மூணு திட்டம் மேடம். ஒண்ணு, ஆத்தங்கரையில நீளமா சுவர். ரெண்டு, மழைநீர் வடிகாலை அகலப்படுத்துறது. மூணு, ஊருக்கு நடுவுல சும்மா கிடக்கிற திடலை ஆழமா வெட்டி, பெருமழை பெஞ்சா தண்ணியை அங்க நிறுத்திவைக்கிறது."

"சுவர் கட்டு, சாக்கடையை அகலமாக்கு, திடலைக் குழியாக்கு," என்று சுருக்கிச் சொன்னாள் நாத்தனார். "உங்க ஓட்டு எதுக்கு?"

"திடலுக்கு. சுவர் கடைசி. டெய்லர் தெருவுலதான் தண்ணி அதிகமா நின்னுது. அது ஆத்துத் தண்ணி இல்லை, மேட்டுத் தெருவுலேருந்து இறங்கி வந்த மழைத் தண்ணி. சுவர் கட்டினா அந்தத் தண்ணி ஆத்துக்குப் போறதும் நின்னுபோகும். ஆனா நகராட்சித் தலைவிக்குச் சுவர்தான் பிடிச்சிருக்கு. சுவர் கண்ணுக்குத் தெரியுமாம்."

"சரி, பொய் எங்க வந்துது?" என்றாள் அண்ணி.

இன்ஜினியர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சாலைப் பிரிவு சூப்பர்வைசர் நகராட்சித் தலைவிக்கு எழுதியது. டெய்லர் கடைச் சுவரில் கோட்டின் உயரம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் என்று அறிக்கை சொல்கிறது. போன வாரம் நான்கு சாட்சிகள் முன்னிலையில் மறுபடி அளந்ததில் அறுபத்திரண்டுதான் இருக்கிறது. தன் திட்டத்தை ஜெயிக்கவைக்க இன்ஜினியர் அளவைக் கூட்டி எழுதியிருக்கிறார். ஒரு கோட்டில் பொய் சொன்னவரின் மற்ற முப்பத்தொன்பது கோடுகளை எப்படி நம்புவது?

"நல்லா எழுதியிருக்கான்," என்றாள் அண்ணி. "நீங்க போய் அளந்து பாத்தீங்களா?"

"நேத்து போனேன். மூணு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் அந்தத் தெருவுக்கே போறேன்."

"எவ்வளவு வந்துது?"

இன்ஜினியர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "அறுபத்திரண்டு."

அவர் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் திரும்ப வைத்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் மேடம். ஒருவேளை நானே பொய் எழுதியிருப்பேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"தன் மேலேயே கேஸ் கொடுக்க வந்த முதல் ஆளு நீங்கதான்," என்றாள் நாத்தனார். "அன்னிக்கு போட்டோ எடுக்கலையா?"

"எடுத்தேன். எடுத்த ஃபோன் தண்ணியில விழுந்துடுச்சு."

அண்ணி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "மனுஷன் மறக்கலாம், சுவர் மறக்காது. யாரோ கோட்டை அழிச்சுட்டுக் கீழ இறக்கிப் போட்டிருக்கணும். அது யாருன்னு நாலு மணிக்குள்ள கண்டுபிடிப்போம். வாங்க."

*

நாத்தனாரின் சின்னக் கார் மூன்று பேரையும் அடைத்துக்கொண்டு கிளம்பியது. பின்சீட்டில் இன்ஜினியர் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

"பயப்படாதீங்க சார். டெய்லர் தெரு எனக்குப் பாடசாலை மாதிரி. எத்தனை பேருக்கு இங்க ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன் தெரியுமா? ரெண்டு வீட்டு கேட்டும் ஒரு விளக்குக் கம்பமும்தான் போச்சு." பேசியபடியே முனையில் திரும்பினாள். வண்டி முக்கி, இருமி, நின்றுவிட்டது. முதல் கியருக்கு மாற்றி மறுபடி கிளப்பினாள். "என்ன இது அநியாயம்! முன்னெல்லாம் இந்த முனையில காலைக்கூட வைக்க வேணாம், வண்டி தானா இறங்கும். இப்ப மலை ஏறுற மாதிரி ஏறுது. வண்டிக்கும் மூட்டுவலி வந்துடுச்சு போல."

அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டாள்.

டெய்லர் கடை தெருவின் நடுவில் இருந்தது. வாசலுக்கு இடப்பக்கச் சுவரில், முழங்காலுக்கு மேலே, பளிச்சென்று ஒரு நீலக்கோடு. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் விறுவிறுவென்று கடைக்குள் காலை வைத்தாள். கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. ஒரு துள்ளு துள்ளி, வெட்டும் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் அவசரமா உள்ள வருவாங்க," என்றார் டெய்லர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன தைக்கணும்?"

"முதல்ல என் மானத்தை," என்றாள் நாத்தனார். அதற்குள் அவள் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அங்கே பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா. மூடியைச் சுற்றி நீலம் வழிந்து காய்ந்திருந்தது.

"அண்ணி! நாலு மணி வரைக்கும் எதுக்கு? குற்றவாளி அளவெடுத்துக்கிட்டு இங்கேயே உக்காந்திருக்கார்!"

டெய்லர் ஊசியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "ஆமா, போன வருஷம் நான்தான் பூசினேன். கோடு வெளுத்துப்போச்சு. அதனால என்ன?"

"பழைய கோட்டை அழிச்சுட்டு, ஒரு முழம் கீழ இறக்கிப் பூசினீங்க. யார் சொல்லி?"

"கீழ இறக்கியா?" டெய்லருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த ஊர்லயே உசரமான கோடு எங்க கடைக்கோடும்மா! பத்திரிகைக்காரங்க வந்து என்னைக் கோட்டுப் பக்கத்துல நிக்கவச்சுப் படம் எடுத்தாங்க. அதை நானே இறக்குவேனா? ஏத்திப் பூசினேன்னு சொல்லுங்க, அதுல ஒரு நியாயமாவது இருக்கும்!"

"ஏத்திப் பூசணும்னு ஆசைதான் இவருக்கு," என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி. "நான்தான் பிரஷ்ஷைப் பிடுங்கி வச்சேன். இந்தத் தண்ணியிலேயே ரெண்டு நாள் மொட்டை மாடியில நாப்பது பேரோட நின்னோம். இதுக்கு மேல வேற வேணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கண் ஒருமுறை வாசலுக்கு வெளியே வானத்துக்குப் போய்வந்ததை அண்ணி கவனித்தாள். மழைக்காலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். கோட்டின் ஓரத்தை மெல்லச் சுரண்டினாள். புது நீலத்துக்கு அடியில் பழைய நீலம், நூல் பிசகாமல் அதே இடத்தில். கோட்டுக்கு மேலே ஒரு முழம் வரை விரலால் தடவினாள். பழைய சுண்ணாம்பு. அழித்த அடையாளம் எதுவும் இல்லை.

"டெய்லர் குற்றவாளி இல்லை," என்றாள். "கோடு நகரவே இல்லை."

"அப்ப டேப் நீண்டுபோச்சா?" நாத்தனார் இன்ஜினியரின் டேப்பையும் டெய்லரின் டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. "ரெண்டும் நல்ல பிள்ளைங்கதான். மிச்சம் இருக்கிறது நீங்கதான் சார். சொல்லிடுங்க, எழுதும்போது கை நடுங்குச்சா?"

இன்ஜினியர் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து போஸ்ட்மேன் சைக்கிளில் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கினார். தபால் பெட்டிக்குக் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். டெய்லர் கடைக்கு வருவதற்குள் ஏழு தடவை குனிந்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் அண்ணி.

"என்னத்தைச் சொல்ல! இருபது வருஷமா இந்தத் தெருவுல சைக்கிளை விட்டு இறங்காமலே தபால் போட்டவன் நான். கையை நீட்டினா பெட்டி. இப்ப ஒவ்வொண்ணுக்கும் இறங்கிக் குனியவேண்டியிருக்கு. டாக்டர்கிட்ட போனா முதுகுல ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சுங்கறார். வயசானா ஆளு குறையணுமா இல்லையா? நான் வளர்றேன்!"

"என்ன சாப்பிடறீங்க?" என்றாள் நாத்தனார் அக்கறையாக.

"சிரிங்க, சிரிங்க. இந்தத் தெருவே அப்படித்தான் இருக்கு. மூணாம் வீட்டம்மா, எதிர்வீட்டுக்காரர் தினம் மதில் மேல எட்டிப் பாக்கறார்னு போலீஸ்ல எழுதிக்கொடுத்துட்டாங்க. பாவம் அந்த மனுஷன். எட்டவும் இல்லை, பாக்கவும் இல்லை. பால் வாங்க நடந்து போறார். தலை தானா தெரியுது."

போஸ்ட்மேன் போனதும் அண்ணி கொஞ்ச நேரம் நடுத்தெருவில் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து சுவரடியில் குந்தினாள்.

"இன்ஜினியர் சார், அன்னிக்கு நீங்க கோடு போடும்போது பெயிண்ட் வழிஞ்சுதா?"

இன்ஜினியர் வெட்கப்பட்டார். "கொஞ்சம் தண்ணியா கலந்துட்டேன் மேடம். சொட்டுச் சொட்டா இறங்கிடுச்சு."

"நல்ல வேளை. ஒழுங்கா பெயிண்ட் அடிக்கத் தெரிஞ்சவரா இருந்திருந்தா இன்னிக்கு மாட்டியிருப்பீங்க. இங்க வாங்க. இந்தச் சொட்டு எங்க முடியுது?"

கோட்டிலிருந்து மெல்லிய நீலக் கீற்று ஒன்று சுவரோடு நேராக இறங்கியிருந்தது. இன்ஜினியர் மண்டியிட்டு, மூக்கு சுவரில் இடிக்கும்வரை குனிந்து, விரலால் அதைப் பின்தொடர்ந்தார். சுவரும் தார்ச்சாலையும் சேரும் இடத்தில் விரல் நின்றது.

"முடியலை மேடம்," என்றார் மெதுவாக. "ரோட்டுக்குள்ள போகுது."

"பெயிண்ட் தாரைத் துளைச்சுக்கிட்டு இறங்குமா?"

"இறங்காது."

"அப்ப சொட்டு விழும்போது அங்க தார் இல்லை. கார் ஏற மாட்டேங்குது. போஸ்ட்மேன் வளர்றார். நல்ல மனுஷன் எட்டிப் பாக்கற ஆளாயிட்டார். இவ கடைக்குள்ள விழறா." அண்ணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "கோட்டை யாரும் இறக்கலை சார். தெருவைத்தான் ஏத்தியிருக்காங்க."

டெய்லர் வாசலுக்கு வந்து, தன் கடையை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "அட ஆமாம். முன்னாடி கடைக்கு ரெண்டு படி ஏறி வருவோமே! ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமா... படி எப்பக் காணாமப் போச்சுன்னே தெரியலை."

"திருட்டுன்னா இதுதான் திருட்டு," என்றாள் நாத்தனார். "வாசல்லேயே வச்சு ரெண்டு படியைக் கொண்டுபோயிருக்கான்."

*

சாட்சி தெருவின் மறுமுனையில் கிடைத்தது. குடிநீர்க் குழாய் உடைந்து, அதைச் சரிசெய்யச் சாலையை வெட்டியிருந்தார்கள். இடுப்பளவு குழிக்குள் நின்ற குழாய்க்காரர் சாப்பாட்டு டப்பாவைச் சாலை விளிம்பில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் டப்பாவை நகர்த்துங்க அண்ணே. உங்க மேசையை அளக்கணும்," என்றாள் நாத்தனார்.

வெட்டுமுகத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கறுப்பு, நடுவில் மெல்லிய தூசிக்கோடு, மறுபடி கறுப்பு. மேலிருந்து எண்ணினால் நான்கு. நான்காவதற்கு அடியில் வெளிறிப்போன பழைய சாலை. இன்ஜினியர் டேப்பை வைத்தார். மேல்விளிம்பிலிருந்து பழைய சாலை வரை முப்பத்து நான்கு சென்டிமீட்டர்.

நாத்தனார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அறுபத்திரண்டும் முப்பத்திநாலும்... தொண்ணூத்தாறு! சார், நீங்க யோக்கியர்! கைகொடுங்க!"

ஆனால் இன்ஜினியர் கைகொடுக்கவில்லை. குழியின் பக்கவாட்டில், பழைய சாலையின் மட்டத்தில், தாருக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒரு இரும்புச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். எல்லாவற்றிலும் தார் அடைத்திருந்தது.

"இது என்ன?" என்றாள் அண்ணி.

"மழைத் தண்ணி வடிகாலுக்குள்ள இறங்குற வாய். இந்தத் தெருவுல பதினொண்ணு இருக்கணும்." கோப்பைப் புரட்டி, பின்பக்க வெற்றுத்தாளில் ஏதோ வேகமாக எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.

"ஜெயிச்ச ஆளோட முகம் மாதிரி தெரியலையே," என்றாள் அண்ணி.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

*

நகராட்சிக் கூட்ட அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கத்தில் தலைவி. அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க அவள் திறந்துவைத்தவற்றின் படங்கள். சூப்பர்வைசர் கடிதத்தை வாசித்து முடித்தபோது உறுப்பினர்கள் இன்ஜினியரைப் பார்த்த பார்வையில், அவர் கோப்பு இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"இன்ஜினியர் பக்கம் பேச வந்திருக்கேன்," என்று எழுந்தாள் அண்ணி. "சூப்பர்வைசர் சாரை ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்."

"கேளுங்க," என்றார் சூப்பர்வைசர். கனத்த உருவம், கனத்த குரல்.

"போன வாரம் டெய்லர் கடைக்குப் போனீங்க. கடைக்குள்ள போக ஏறணுமா, இறங்கணுமா?"

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். மூடினார்.

"யோசிக்கற மாதிரி கஷ்டமான கேள்வி இல்லையே?" என்றாள் நாத்தனார் பின்வரிசையிலிருந்து.

கஷ்டமான கேள்விதான். ஏறணும் என்றால் அவர் அங்கே போகவே இல்லை என்று ஆகும். இறங்கணும் என்றால், ஏன் இறங்கணும் என்று அடுத்த கேள்வி வரும். சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கணும்," என்றார் கடைசியில்.

அண்ணி சொட்டைப் பற்றிச் சொன்னாள். குழியைப் பற்றிச் சொன்னாள். முப்பத்து நான்கைச் சொன்னாள். "அளந்தது பொய் இல்லை. கோடு இறங்கலை, தெருதான் ஏறியிருக்குங்கறதை மட்டும் சார் சொல்லாம விட்டுட்டார்."

"தெரிஞ்சேதான் விட்டேன்," என்றார் சூப்பர்வைசர் திடீரென்று. குரலில் இருந்த கனம் போயிருந்தது. "பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு எனக்குத் தெரியாதா? மூணு தடவை எழுதிக்கேட்டேன். சுரண்டுற மெஷின் வரலை. திறப்பு விழாத் தேதி மட்டும் தவறாம வந்துச்சு. இந்த அறிக்கை வெளிய வந்தா எல்லாரும் அந்தத் தெருவுக்கு வருவாங்க, கோட்டைப் பாப்பாங்க, அப்புறம் காலடியில பாப்பாங்க. பழி என் தலையில விழும். அதான் முந்திக்கிட்டேன்."

"தேதி கொடுத்தது யாரு?" என்றாள் தலைவி கடுமையாக.

மேசையைச் சுற்றி இருந்த பதினாறு தலைகளும் மெல்ல அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை நோக்கித் திரும்பின. தலைவியும் திரும்பினாள். டெய்லர் தெரு, ரிப்பன், கத்தரிக்கோல், அவள் புன்னகை. பக்கத்தில் இன்னொரு படம். டெய்லர் தெரு, ரிப்பன், கத்தரிக்கோல். மொத்தம் நான்கு. முதல் படத்தில் அவள் டெய்லர் கடையின் மேல்படியில் நின்றிருந்தாள். கடைசிப் படத்தில் படியே இல்லை.

"ஒரே தெருவுக்கா நாலு தடவை வெட்டினேன்?"

"ஆமாங்க," என்றார் குமாஸ்தா பவ்யமாக. "புடவைதான் வேற வேற."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி. எந்த இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவள். "சரி. அப்ப இன்ஜினியர் எழுதின அளவு சரி. அறிக்கையும் சரி. சுவரை விட்டுடுவோம், திடலுக்கே ஓட்டுப் போட்டுடுவோம். கை தூக்குங்க."

கைகள் உயர ஆரம்பித்தன. நாத்தனார் பெருமையோடு அண்ணியின் முழங்கையை இடித்தாள்.

"வேண்டாம்," என்று ஒரு குரல் கேட்டது.

இன்ஜினியர் எழுந்து நின்றிருந்தார்.

"என் அறிக்கையும் தப்புங்க. நான் மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த தெருவை வச்சுக் கணக்குப் போட்டேன். அந்தத் தெரு இப்ப இல்லை. அன்னிக்குத் தண்ணி வீட்டுலேருந்து இறங்கி ரோட்டுக்கு வந்து வடிகாலுக்குள்ள போச்சு. இப்ப ரோடு வீட்டை விட உசரம். வடிகால் வாய் பதினொண்ணும் தாருக்கு அடியில. அதே மழை பெஞ்சா அதைவிட ஒரு முழம் கூட நிக்கலாம். போற வழியும் இல்லை. இன்னும் எத்தனை தெரு இப்படி ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாம திடலை எவ்வளவு ஆழம் வெட்டணும்னு எப்படிச் சொல்றது?"

"இப்பத்தானே மனுஷனைக் கரையேத்தினோம்," என்று முனகினாள் நாத்தனார். "திரும்பி நடந்து நடு ஆத்துக்கே போறாரே!"

"சும்மா இரு," என்றாள் அண்ணி. அவள் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்திருந்தது.

"உங்களை யாரும் கேக்கலையே. வாயைத் திறக்காம இருந்திருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க," என்றாள் தலைவி.

"ஆமாங்க." இன்ஜினியர் எச்சிலை விழுங்கினார். "ஆனா மழை என் அறிக்கையைப் படிச்சுட்டா வரப்போகுது?"

தலைவி பேனாவை எடுத்தாள். பக்கத்து நகரத்திலிருந்து சுரண்டும் இயந்திரத்தை எப்படியாவது வரவழைக்க வேண்டும். முதலில் டெய்லர் தெரு. நாற்பது இடங்களையும் பத்து நாளில் மறுபடி அளக்க வேண்டும். தரையை நம்பாமல், மட்டம் பார்க்கும் கருவியை வைத்து. "சூப்பர்வைசரும் இன்ஜினியரும் சேர்ந்தே போங்க. டேப்போட ஒரு முனையை அவர் பிடிக்கட்டும், மறுமுனையை நீங்க பிடிங்க. அப்பத்தான் யாரும் யாரைப் பத்தியும் கடிதம் எழுத மாட்டீங்க."

*

பதினான்காம் நாள் அண்ணியும் நாத்தனாரும் டெய்லர் தெருவுக்குப் போனபோது, தாரைக் கடித்துத் துப்பிக்கொண்டு மஞ்சள் இயந்திரம் கடைசி வீட்டருகே போயிருந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. டெய்லர் கடைக்கு முன்னால் இரண்டு படிகளும் வெளியே வந்திருந்தன. டெய்லர் அவற்றைக் கழுவி, துடைத்து, வாடிக்கையாளர் யாரையும் மிதிக்க விடாமல் காவல் நின்றார்.

சூப்பர்வைசர் ஒரு இரும்புக்கம்பியை வைத்துத் தானே வடிகால் வாயைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. "இது ஒன்பதாவது," என்றார் அண்ணியைப் பார்த்ததும், கொஞ்சம் கூச்சத்தோடு.

புது அறிக்கை முந்தின நாள்தான் கூட்டத்தில் நிறைவேறியிருந்தது. பதின்மூன்று தெருக்கள் ஏறியிருந்தன. அவற்றைச் சுரண்டுவது முதல் வேலை. திடலை முன்பு நினைத்ததைவிட ஆழமாக வெட்டுவது இரண்டாவது. கீழ்த்தெருக்களில் வடிகாலை அகலப்படுத்துவது மூன்றாவது. சுவர், ஆறு வளையும் இடத்தில் மட்டும் நூறு அடிக்கு. தலைவிக்கு அந்த நூறு அடியில் ஒரு ரிப்பன் கிடைக்கும்.

"இனிமே எனக்குப் பயமில்லை," என்றாள் டெய்லரின் மனைவி, கடைக்குள் வந்த இன்ஜினியரிடம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. "மூணு வருஷமா மேகத்தைப் பாத்தாலே இந்த மெஷினைத் தூக்கி மேசை மேல வச்சுடுவேன். ராத்திரி பகல் பாக்க மாட்டேன். போன வெள்ளத்துல ஒரு மெஷின் போச்சு, இதுவும் போனா கையை முடக்கிக்கிட்டு உக்காரணும். இனிமே வைக்க வேண்டாம்தானே சார்?"

டெய்லர் அவரைப் பார்த்தார். நாத்தனார் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் எதிர்பார்த்து நின்றது அதைத்தான்.

இன்ஜினியர் கோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "வைங்கம்மா," என்றார். "திடல் வேலை முடிய ஒரு வருஷம் ஆகும். முன்ன அளவுக்கு நிக்காது. சீக்கிரமா வடிஞ்சும் போகும். ஆனா வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

"ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியுதா பாருங்க இவருக்கு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் டெய்லர்.

அவர் மனைவி சிரித்துவிட்டாள். "சரி, உண்மையைச் சொன்னதுக்குக் கூலி உண்டு. அந்தப் பக்கம் பிடிங்க."

இன்ஜினியர் கோப்பை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். தையல் மெஷின் அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.